நடு ஸ்பீக்கரில் வந்த குரல்

எங்கள் பழைய டிவிடி பிளேயர் தட்டை வெளியே தள்ளிவிட்டுத் திரும்ப உள்ளே எடுக்க மறுத்த அன்று, அம்மா அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை இருந்தா. நீட்டிய தட்டின் மேல் எங்கள் கலியாண டிஸ்க் கிடந்தது.

"ஒருக்காத் தட்டிப் பார், பிள்ளை" என்றா. தட்டினேன். "துடைச்சுப் பார்." துடைத்தேன். அதற்குப் பிறகும் அவ எழும்பவில்லை.

அது தம்பி காணாமல் போன நாள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அம்மா அந்த டிஸ்கைப் போடச் சொல்லுவா. முழுவதையும் பார்க்கமாட்டா. தாலி கட்டி முடிந்து, எங்களை வாழ்த்தி அறுகரிசி போட ஆட்கள் வரிசையாக வருகிற இடத்தில் தம்பியின் குரல் நாலு செக்கன் கேட்கும். ஆள் படத்தில் இல்லை. கமெராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்று கதைக்கிறான். "அக்கா" என்பது தெளிவாக விளங்கும். அதற்குப் பிறகு வருவது "நான் போறன்" என்பது அம்மாவின் முடிவு.

எங்கள் வீடுகளில் வெளியே இறங்கும்போது யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். செத்தவீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் சொல்லாமல் இறங்குவோம். அப்படியிருக்க, என் கலியாணத்தில், மணவறைக்கு முன்னால் நின்று அவன் "போறன்" என்று சொல்லியிருக்கிறான் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும் என்று அம்மா நம்பினா. அவன் எங்களோடு இருந்த வருஷங்களில் ஒருவரும் அந்தக் குரலைக் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை வயரிங் வேலைக்கென்று அக்கரைக்குப் போகிற மூதூர்ப் படகுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தேடக்கூடிய இடமெல்லாம் தேடிக் களைத்த பிறகு, அவன் முகத்தைப் பார்ப்பதற்காக அந்த டிஸ்கைப் போட்டோம். அப்போதுதான் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தா. "கேட்டனியே? எங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறான்."

விசாரணைக்கு வந்தவர்களிடமும் அவ அதையே சொன்னா. எதிரே இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை செய்தவள். வாய்க்குள் முணுமுணுக்கிற சாட்சிகள், அழுதபடி கதைக்கிற பெண்கள், பல்லில்லாத கிழவர்கள் என்று எத்தனையோ பேரின் வார்த்தைகளைப் பிடித்து எழுதியிருக்கிறேன். இந்த நாலு செக்கனை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. ரிவியின் ஸ்பீக்கரில் அந்த இடம் ஒரே இரைச்சல். போதாததற்கு, கசெற்றில் இருந்ததை டிஸ்குக்கு மாற்றிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்குப் படப் பாட்டுகளை அள்ளிப் போட்டிருந்தார். அறுகரிசி போடுகிற இடம் முழுக்க வயலினும் புல்லாங்குழலும். மூலக் கசெற் சுனாமியில் பழைய வீட்டோடு போய்விட்டது. டிஸ்க் அப்போது ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் தப்பியது. சில நேரம் எனக்கு அது "நான் பாக்கிறன்" என்று கேட்கும், சில நேரம் "நான் வாறன்" என்று. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. எனக்கே நிச்சயம் இல்லாததை எப்படிச் சொல்வது?

பிளேயர் பழுதான அந்த வருஷம்தான் என் கணவர் ஓய்வுபெற்றிருந்தார். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவருகிற டக் படகுகளின் இயந்திர அறைக்குள் வாழ்நாளைக் கழித்தவர். இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. ரிவியை எவ்வளவு கூட்டி வைத்தாலும், "சத்தம் வருது, கதை வரேல்லை" என்பார்; ஆட்கள் கதைக்கிறது விளங்காது. முன் அறையை ஒரு சின்னப் படமாளிகையாக்கி, ஓய்வுக் காலம் முழுக்கப் படம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிளேயர் பழுதான அன்று பின்னேரம் அவரே சொன்னார்: "வாரும், டவுனுக்குப் போய் ஒரேயடியாக எல்லாத்தையும் பாத்து எடுப்பம். மாமிக்கு டிஸ்க் ஓடினால் சரி, எனக்குக் கதை விளங்கினால் சரி."

முதல் கடையில் டிஸ்க் பிளேயர் என்றதும் சிரித்தார்கள். "இப்ப ஆர் டிஸ்க் பாக்கினம்? எல்லாம் பென் டிரைவ்." இரண்டாவது கடையில் இருந்தது, ஆனால் எங்கள் டிஸ்கைப் போட்டதும் கரகரவென்று சுழன்றுவிட்டு, வாசிக்க ஏலாது என்று எழுத்துக் காட்டியது. மூன்றாவது கடை பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு புளூரே பிளேயரை இறக்கினார். "இது பழைய டிஸ்கையும் வாசிக்கும். கீறல் இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கும். டிஸ்க் கொண்டுவந்தீங்களா?"

கைலேஞ்சிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிளேயரை ஒரு ரிவியோடும் தெருவைப் பார்த்து நின்ற இரண்டு பெரிய ஸ்பீக்கர்களோடும் கொழுவிவிட்டார். என் கலியாண மேளம் தெருவில் இறங்கியது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். இவர் சிரித்தார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரர் வேகமாக ஓடவிட்டார். ஐயர், நெருப்பு, தாலி. பிறகு அறுகரிசித் தட்டு. அங்கே விரலை எடுத்துச் சாதாரணமாக ஓடவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ" என்றேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எழும்பிப் போய் நானே பிளக்கை இழுத்துவிட்டேன். கடை அமைதியானது.

"அக்கா" என்றது பின்னால் ஒரு ஆண்குரல்.

கடைக்காரர்தான். எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரரும் என் வயதுப் பெண்ணை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் திரும்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன அக்கா, பயந்திட்டீங்க?"

"அதிலை என்ரை தம்பியின்ரை குரல் இருக்கு. தெருவிலை கேக்க வேண்டாம்."

"ஆள் எங்க?"

"மூதூருக்கு வேலைக்குப் போனவன். திரும்பி வரேல்லை."

அவர் எந்த வருஷம் என்று கேட்கவில்லை. "நான் மூதூர்தான்" என்று மட்டும் சொன்னார். டிஸ்கை விளிம்பில் பிடித்து எடுத்து, தன் சேட்டின் நுனியால் துடைத்து, கைலேஞ்சிக்குள் வைத்து இரண்டு கையாலும் தந்தார். அதற்குப் பிறகு அவர் எங்களுக்குப் பொருள் காட்டிய விதமே மாறிவிட்டது. கடையின் கதவைச் சாத்தி, பெரிய ஸ்பீக்கர்களைக் கழற்றி, முதலில் ரிவிக்குக் கீழே வைக்கிற ஒரு நீளச் சவுண்ட்பாரைக் கொழுவினார். பிறகு அம்பு என்கிற அம்பிளிஃபயர் ஒன்றும் அதோடு தனித்தனி ஸ்பீக்கர்களும்.

"படத்தில ஆக்கள் கதைக்கிறதெல்லாம் இந்த நடு ஸ்பீக்கரால வரும். பாட்டும் மற்றச் சத்தமும் ரெண்டு பக்கத்தால பரவும். ஐயாவுக்குக் கதை விளங்கவேணும் எண்டால் நடுவில நல்லதைப் போடுங்க. மற்றதில மிச்சம் பிடிக்கலாம்."

இவர் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தார். கடைக்காரர் ஒரு பழைய குடும்பப் படத்தின் காட்சியை ஓடவிட்டார். தாயும் மகனும் சண்டை பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நிறுத்துவார். இவர் தனக்குக் கேட்டதைச் சொல்ல வேண்டும். நான் கடையின் பழைய பில் கொப்பியை வாங்கி, பின்பக்கத்தில் படத்தில் சொன்னதையும் இவருக்குக் கேட்டதையும் எழுதினேன். சவுண்ட்பாரில் "சோறு ஆறுது" என்றது இவருக்கு "ஊரு மாறுது" என்று கேட்டது. "கதவைச் சாத்து" என்றது "கதையை மாத்து" ஆனது. கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனி நடு ஸ்பீக்கரில் பிழைகள் குறைந்தன. மூன்று ஸ்பீக்கர்களை மாற்றிப் பார்த்தோம். மிகச் சின்னதும், அழகே இல்லாததுமான ஒரு கறுத்தப் பெட்டியில் இவர் இரண்டே இடத்தில்தான் பிழைவிட்டார். அதை எடுத்தோம். காதுக்கு மருந்தெடுக்கப் போய் வந்த இடங்களிலெல்லாம் இவரிடம் இப்படி ஒருவரும் பொறுமையாகக் கேட்டதில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். இவருடைய கை அதற்கிடையில் மூலையில் இருந்த ஒரு பெரிய சதுரப் பெட்டியின் மேல் போய்விட்டது. அடிச் சத்தத்துக்கு மட்டும் என்று தனியாக வருகிற சப்வூஃபர். "இதில்லாமல் என்ன தியேட்டர்?" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. சரிவராட்டி ஒரு கிழமைக்குள்ள திருப்பித் தாங்க."

லிங்கநகரில் இப்போது நாங்கள் இருக்கிற வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது. வயரிங் முழுவதும் தம்பி செய்தது. அம்புக்குப் புதிதாக ஒரு லைன் இழுப்பதற்காக இவர் முன் அறைச் சுவிச் போர்ட்டைக் கழற்றினார். பெட்டிக்குப் பின்னால், வெள்ளை அடிபடாத சீமெந்தில், பென்சிலால் எழுதியிருந்தது: "ரிவி. சுவரில் தொங்கவிடுவது என்றால் மேலே." அதற்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. நிமிர்ந்து பார்த்தோம். ஆள் உயரத்தில், இவ்வளவு காலமும் எதற்கென்று தெரியாமல் ஒரு நாட்காட்டியால் மறைத்து வைத்திருந்த பிளக் பொயின்ற் இருந்தது. அந்தக் காலத்தில் சுவரில் தொங்குகிற ரிவி எங்கள் தெருவில் ஒருவரிடமும் இல்லை.

இவர் போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மாமியைக் கூப்பிடவோ?"

"வேண்டாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவனுடைய எழுத்தைக் கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் வைத்திருக்க விரும்பினேனோ என்னவோ. இவர் லைனை இழுத்து, போர்ட்டைத் திருப்பிப் பூட்டினார்.

மறுநாள் பின்னேரம் யன்னல்களுக்குத் திரை இழுத்துவிட்டு முதல் படம் போட்டார். கடற்சண்டைப் படம். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் பீரங்கி வெடித்தபோது தட்டிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. இரண்டாவதுக்கு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்குள் இறங்குகிற அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷெல் வந்த யுத்த நாட்களில் இந்த ஊரில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கேத்திலை வைத்துவிட்டு அம்மாவின் அறைக்கு ஓடினேன். கட்டில் வெறுமையாக இருந்தது.

இரண்டு அறைகளுக்கும் நடுவில், யன்னல் இல்லாத ஒடுங்கிய நடையில் அம்மா நிலத்தில் குந்தியிருந்தா. முழங்கால் நோவென்று நிலத்தில் இருப்பதை விட்டுப் பல வருஷம். மடியில் அந்தப் பழைய ரெக்சின் பை. அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்பத்தாட்சி எல்லாம் வைத்துக்கொண்டு ஓடுவோமே, அந்தப் பை. அதை எங்கே வைத்திருந்தா, எப்படி அவ்வளவு கெதியில் எடுத்தா என்று தெரியாது. ஒரு கையால் பையைப் பிடித்திருந்தா. மற்றக் கையால் தனக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தா, யாரையோ வந்து இருக்கச் சொல்வதுபோல.

"அம்மா, படம். படத்திலை சுடுறாங்கள்."

"அவன் வந்திட்டானே?" என்றா.

அதற்குள் இவர் படத்தை நிறுத்திவிட்டு வந்தார். அம்மாவின் கோலத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் சப்வூஃபரின் வயரைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கி வெளி விறாந்தையில் வைத்தார். அடுத்த நாள் அது கடைக்குத் திரும்பிப் போனது. கடைக்காரர் என்ன நடந்தது என்று கேட்க, இவர் சொல்லியிருக்கிறார். "எங்கட வீட்டிலயும் அதை வைக்கிறதில்ல, ஐயா" என்றாராம்.

ஒரு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிபோல, நாங்கள் கலியாண டிஸ்கைப் போட்டோம். புதுப் பிளேயரில் அது முழுவதும் ஓடுகிறதா என்று பார்க்கத்தான். அம்மா கோயிலுக்குப் போய்வந்து படுத்திருந்தா. மேளச் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தன் கதிரையில் இருந்தா. "அந்த நாள் கழிஞ்சிட்டுதே" என்றேன். "போன முறை பாக்கேல்லைத்தானே" என்றா.

இவர் அம்பின் புத்தகத்தை மூன்று நாள் வாசித்திருந்தார். இயந்திரம் எதுவானாலும் அதன் குணம் அறியாமல் விடமாட்டார். பாட்டுத் தொடங்கியதும் எழும்பி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கிட்டக் காதைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இஞ்சாரும், ஸ்டூடியோக்காரன் போட்ட பாட்டு ரெண்டு பக்கத்தாலதான் கூட வருது. கலியாணத்தில பிடிச்ச சத்தம் நடுவால வருது" என்றார். பிறகு இடப்பக்க, வலப்பக்க ஸ்பீக்கர்களின் வயர்களைக் கழற்றினார்.

வயலினும் புல்லாங்குழலும் தூரப் போய்விட்டன. இதுவரை கேட்காத சத்தங்கள் மேலே வந்தன. கொலுசு, யாரோ இருமுவது, ஒரு குழந்தை தண்ணீர் கேட்பது. தங்கள் குரலை யாரும் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பெண்கள் என் சீலையின் நிறத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அதில் ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை. அவள் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். அறை நிறைய ஆட்கள் வந்து நிற்கிறார்கள் போலவும், நாங்கள் மூன்று பேரும் அவர்களுக்குத் தெரியவில்லை போலவும் இருந்தது.

பிறகு அவன் சொன்னான். மிகக் கிட்டத்தில், அந்தச் சின்னக் கறுத்தப் பெட்டிக்குள்ளிருந்து.

அம்மா கண்ணை மூடினா. எனக்கு வழக்கம்போல "நான்" என்றும் பிறகு ஏதோ ஒன்றும்தான் கேட்டது. இவர்தான் திரும்பினார்.

"ஃபான் எண்டெல்லே சொல்லுறான்?"

"என்ன?"

"'அக்கா, ஃபான் போடுறன்.' திருப்பிப் போட்டுப் பாரும்."

எங்கள் மூன்று பேரிலும் காது கேளாதவர் அவர். ஆனால் அவருடைய மனதில் முன்கூட்டி எழுதி வைத்த வசனம் எதுவும் இருக்கவில்லை. நான் திருப்பிப் போட்டேன். மறுபடியும் போட்டேன். "ஃபா" என்கிற அந்தக் காற்று, முன்பெல்லாம் இரைச்சலுக்குள் கரைந்து போயிருந்தது, இப்போது தனியாகக் கேட்டது. "போடுறன்" என்பதில் "டு" நாக்கில் தட்டுவதும் கேட்டது. அதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. சந்தேகமே இல்லை.

மூன்றாம் முறை நான் சத்தத்தைக் கேட்காமல் படத்தைப் பார்த்தேன். மணவறையில் நான் வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருக்கிறேன். கமெராக்காரரின் லைற் முகத்தில் அடிக்கிறது. அவன் சொல்லி இரண்டு செக்கனுக்குப் பிறகு, மணவறையில் தொங்கிய பூச்சரங்கள் எல்லாம் மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாக ஆடத் தொடங்குகின்றன. என் நெற்றி மயிர் பறக்கிறது. நான் யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். இத்தனை வருஷமும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். அறுகரிசி போட வந்த யாரையோ பார்த்து என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அம்மா, பாருங்கோ. எனக்கு வேர்க்குதெண்டு ஃபான் போட்டிருக்கிறான். போறன் எண்டு சொல்லேல்லை. ஒண்டும் சொல்லேல்லை அம்மா, சும்மா ஃபான்..." அபசகுனம் என்று அவ சுமந்த ஒரு பாரத்தை இறக்கிவைத்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "இன்னொருக்காப் போடு" என்றா. போட்டேன். கேட்டா. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினா.

"அப்ப அவன் சொல்லாமல்தான் போனவன்" என்றா.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினா.

அபசகுனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவவுக்கு அவன் சொன்ன விடை. பிள்ளையைத் தொலைத்த மற்றத் தாய்மாருக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்தது என்று வைத்திருந்தா. அதை நான் நல்ல சாமான் வாங்கிவந்து, வயரைக் கழற்றி, மூன்று முறை திருப்பிப் போட்டு எடுத்துவிட்டேன். "பேசாமல் இருந்திருக்கலாம்" என்றார் இவர். ஃபான் என்று முதலில் சொன்ன ஆள் தான்தான் என்பதை நினைத்து அவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அம்மா முன் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டா. இவரும் படம் பார்க்கவில்லை. அறையில் அந்தக் கறுத்தப் பெட்டி ரிவிக்குக் கீழே சும்மா இருந்தது. ஒருமுறை கூட்டப் போனபோது, அதன் முன்னால் நான் என்னை அறியாமல் மெதுவாகக் கூட்டுவதைக் கண்டேன், யாரோ நித்திரை கொள்கிறார்கள் என்பதுபோல. துறைமுகத்துக்குள் கப்பல் ஊதினால் அந்த அறையில் மட்டும் அது வேறு மாதிரிக் கேட்பதாகத் தோன்றும். பிறகு அந்தக் கதவையும் சாத்தி வைத்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலை குசினியில் நான் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து வாசற்படியில் நின்றா.

"அண்டைக்கு அவன் சொன்னவன்" என்றா.

"எண்டைக்கு அம்மா?"

"போன அண்டைக்கு. நான் இதிலைதான் நிண்டனான். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. றேடியோவும் கத்திக்கொண்டு கிடந்தது. அவன் கேற்றடியிலை நிண்டு என்னவோ சொன்னவன். அம்மா எண்டது கேட்டது. மிச்சம் விளங்கேல்லை."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னனான்." அவவின் வாய் கோணியது. "என்னத்துக்கு ஓம் சொன்னன் எண்டு தெரியாது, பிள்ளை. கிரைண்டரை நிப்பாட்டி என்னடா எண்டு கேட்டிருக்கலாம். நிப்பாட்டேல்லை. அவன் ஏதும் கேட்டானோ, பின்னேரம் வர மாட்டன் எண்டானோ, ஆரும் நிக்கினம் பயமாக் கிடக்கு எண்டானோ. நான் ஓம் எண்டிட்டன்."

இத்தனை வருஷமும் இதை அவ ஒருவரிடமும் சொன்னதில்லை. விசாரணையில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவில்லை. நான் எழும்பிப் போய் அவவைப் பிடித்தேன்.

"போட்டு வாறன் எண்டுதான் சொல்லியிருப்பான் அம்மா. வேறை என்ன சொல்லுவான்?"

"நீ கேட்டனியே?"

"இல்லை."

"அப்ப சொல்லாதை."

அதட்டிச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் குசினி நிலத்தில் இருந்தோம். பிறகு அவவே வெங்காயத்தை எடுத்து உரித்தா. அன்று பின்னேரம் நான் இவரிடம் சொல்லி, சுவிச் போர்ட்டைக் கழற்றச் சொன்னேன். அம்மாவைக் கூட்டிவந்து பென்சில் எழுத்தைக் காட்டினோம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தா. "ரிவிக்கு" என்றா. "எவ்வளவு காலத்துக்கு முந்தி யோசிச்சிருக்கிறான்." விரலால் தொடவில்லை. அழிந்துவிடும் என்று பயம்.

அடுத்த கிழமை ரிவியைச் சுவரில் தொங்கவிட்டோம். இவர் மறுபடி படம் பார்க்கத் தொடங்கினார். சில பின்னேரங்களில் அம்மாவும் வந்து இருப்பா. படத்தில் யாராவது அழுதால், "என்ன சொல்லுறாள்?" என்று கேட்பா. இவருக்கு இப்போது விளங்குகிறபடியால் இவர்தான் சொல்லிக் கொடுப்பார்.

அந்த நாள் திரும்பி வந்தபோது அம்மா டிஸ்கைப் போடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சமையல் முடிந்த கையோடு மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தா, சுணங்காமல் வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்லாமலே இறங்கிவிட்டேன். கடையில் சனம். வர முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது எங்கள் கேற்றுக்கு வெளியே, தார் ரோட்டின் ஓரத்தில், அம்மா வெறுங்காலோடு நின்றா. தலைமயிர் ஈரம். வெயில் நல்லாய் ஏறிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து இருக்கச் சொல்லியும் போகவில்லையாம்.

சைக்கிளிலிருந்து குதித்தேன். "மருந்துக்கடைக்குத்தான் அம்மா போனனான்."

அம்மா என் முகத்தை ஒரு கையால் தடவினா. ஏசவில்லை. நான் குனிந்து அவவின் பாதத்தைப் பார்த்தேன். தார்ச் சூட்டில் சிவந்து போயிருந்தது. என் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டேன். அவவுக்கு அது பெரிது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து உள்ளே நடந்தா.

"சோறு ஆறப்போகுது. வா, சாப்பிடுவம்" என்றா.